வறள்நிலத்துச் சாக்கடையும் உப்பின் கணக்கும்

மழை குறைந்த பகுதிகளில் கழிவுநீரை எப்படிச் சுத்திகரிக்கிறார்கள் என்று படிக்கத் தொடங்கியபோது, நீரைக் குறைவாகப் புழங்கும் ஊரில் சாக்கடையும் குறைவு, எனவே வேலையும் எளிது என்றுதான் எண்ணியிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்ததும் அந்த எண்ணம் மாறியது. ஒருவர் ஒரு நாளில் கழிவுநீரில் சேர்க்கும் கரிமப் பொருளை, பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையாக, அதாவது அதைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜனின் அளவாக அளந்தால், ஏறத்தாழ 50 கிராம் வரும். அது 200 லிட்டர் நீரில் கலந்தால் லிட்டருக்கு 250 மில்லிகிராம். 80 லிட்டரில் கலந்தாலோ 600-ஐத் தாண்டிவிடும். நீர்தான் குறைகிறது, அழுக்கு குறைவதில்லை.

இந்த அடர்ந்த கழிவுநீர் வெப்பமான குழாய்களில் மெதுவாக நகரும்போது ஆக்சிஜன் தீர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. குழாயின் மேற்பகுதியில் படியும் ஈரத்தில் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்க, கான்கிரீட் அரிக்கப்படுகிறது.

வெயிலும் நிலமும் தாராளமாக இருப்பதால் இத்தகைய இடங்களுக்கு, கழிவுநீரை அகன்ற குளங்களில் பல நாள் தேக்கித் தானே தெளியவிடும் நிலைப்படுத்தும் குளங்களே பொருத்தம் என்பது பழைய பாடம். நானும் அதை நெடுநாள் நம்பினேன். அதில் நியாயம் இல்லாமலில்லை. மின்சாரம் தேவையில்லை, நீர் பல நாள் தேங்கி நிற்பதால் குடற்புழு முட்டைகள் அடியில் படிகின்றன, வெயிலும் பாசி உயர்த்தும் காரத்தன்மையும் நோய்க்கிருமிகளைக் கொல்கின்றன. பச்சையாக உண்ணும் பயிர்களுக்கும் பாய்ச்சலாம் என்ற கட்டுப்பாடற்ற பாசனத்துக்கு லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989இல் வகுத்த அளவை, நன்கு அமைத்த குளங்கள் எட்டிவிடும்.

ஆனால் எந்த வெயில் கிருமியைக் கொல்கிறதோ அதே வெயில்தான் நீரையும் ஆவியாக்குகிறது. நீரில் கால்பங்கு ஆவியானால், எஞ்சிய நீரில் உப்பின் செறிவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை. குளங்களுக்கு வேறொரு எல்லையும் உண்டு. ஜோர்டானின் அம்மான் நகரக் கழிவுநீருக்காக 1985இல் அஸ்-சம்ராவில் இயங்கத் தொடங்கிய பெருங்குளங்கள் கொள்ளளவுக்கு மீறிய வரத்தால் திணறின. அவற்றுக்குப் பதிலாக 2008இல், அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்க் கசட்டைக் கழிவுநீரில் கலந்து வளர்க்கும் செயலூட்டிய கசடு முறையிலான நிலையம் வந்தது. காற்றை ஊதி இயக்கும் அம்முறை மின்சாரத்தை விழுங்கும் என்பது உண்மையே. எனினும் நகரம் மேட்டில் இருப்பதால் இறங்கிவரும் நீரின் விசையையும், கசட்டிலிருந்து கிடைக்கும் எரிவாயுவையும் கொண்டு தனக்கு வேண்டிய மின்சாரத்தின் பெரும்பகுதியை அந்நிலையமே ஆக்கிக்கொள்கிறது. எல்லா ஊருக்கும் இப்படி ஒரு சரிவு வாய்க்காது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

நீரைச் சுத்திகரித்த பின்னும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. சாக்கடை ஆண்டு முழுவதும் ஓடுகிறது, பயிருக்கோ வறண்ட மாதங்களில்தான் நீர் வேண்டும். இடைப்பட்ட காலத்தில் திறந்த தேக்கத்தில் வைத்தால் மீண்டும் ஆவியாதல், மீண்டும் உப்பு. டெல் அவீவ் பகுதியின் ஷஃப்டான் நிலையத்தில் சுத்திகரித்த நீரை மணற்படுகையில் ஊறவிட்டு, நிலத்தடியில் தேக்கி, பின்னர் இறைத்து, இஸ்ரேலின் தெற்கிலுள்ள நெகேவ் பாலைவன வயல்களுக்கு அனுப்புகிறார்கள். மணலே மேலும் ஒருமுறை வடிகட்டியும் தருகிறது. தகுந்த நிலத்தடி அமைப்பு உள்ள இடங்களில் இதுவே சிறந்த வழி என்பது என் கருத்து.

ஆயினும் கரைந்த உப்பை மணலும் பிடிப்பதில்லை, பாக்டீரியாவும் தின்பதில்லை. நுண்சவ்வின் வழியே நீரை அழுத்திச் செலுத்தும் எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) அதை நீக்கும். ஆனால் செலவு மிகுதி, பிரிந்துவரும் உவர்நீரைக் கடலில்லாத ஊரில் எங்கே கொட்டுவது என்பதும் பெரும்பாடு. சோடியம் மிகுந்தால் களிமண் இறுகி நீரை உள்வாங்க மறுக்கும்; போரான் மிகுந்தால் எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற மரங்களின் இலைகள் கருகும். இஸ்ரேல் இவற்றுக்கான தீர்வைச் சுத்திகரிப்பு நிலையத்தில் தேடாமல், சலவைத்தூளில் கலக்கும் போரானுக்கும் சோடியத்துக்கும் வரம்பு விதித்து, அவை சாக்கடைக்கு வரும் முன்பே குறைத்தது.