கடிக்கிற இடத்தில் மட்டும் பூசாதீர்கள்

சிரங்கு எங்கள் வீட்டுக்குள் வந்து இரண்டரை மாதம் இருந்தது. சரியாகப் பூசியிருந்தால் அது ஒரு கிழமை வேலை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

முதலில் மகனுக்குத்தான் வந்தது. நாலு வயது. விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் சின்னச் சின்னக் குருக்கள். பகலில் விளையாடித் திரிவான், ராவானால் பாயில் கிடந்து அழுதழுது சொறிவான். மாமி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிப் பார்த்தார். அடங்கவில்லை. திருக்கோவிலில் இருந்து பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்குப் போய், டாக்டரின் மருந்துத் துண்டு இல்லாமலே ஒரு பாமசியில் கேட்டேன். கவுண்டரில் நின்ற தம்பி கையைப் பார்த்துவிட்டு, "அலர்ஜி அக்கா, இதைப் பூசுங்க" என்று ஒரு சின்ன ரியூப்பைத் தந்தார். இரண்டே நாளில் சிவப்பு மங்கியது. சுகமாகிவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் கிழமை பார்த்தால் அக்குள், தொப்புள், குண்டி எல்லாம் குரு. அது ஸ்டீரொய்ட் கிறீமாம். சிவப்பையும் கடியையும் (அரிப்பையும்) அமத்தி வைக்குமே தவிர, சிரங்கை உண்டாக்குகிற, தோலுக்குள் இருக்கிற பூச்சியைக் கொல்லாது. ராவில் கூடுகிற கடி என்றால், தயவுசெய்து பாமசியில் கேட்டு வாங்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது பயணத்தில் வெளிநோயாளர் பிரிவில் மருந்தைச் சரியாகத்தான் எழுதினார்கள்: அந்தப் பூச்சியைக் கொல்கிற பேர்மெத்ரின் 5 வீதக் கிறீம். ஆனால் எப்படிப் பூசுவது என்று யாரும் சொல்லவில்லை. "ராவைக்குப் பூசிக் காலையில் கழுவுங்க" என்றதோடு அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் மகனுக்கு மட்டும், குரு தெரிந்த இடத்தில் மட்டும் தொட்டுத் தொட்டுப் பூசினேன். மிச்சத்தைப் பத்திரமாக எடுத்து வைத்தேன். அடுத்தடுத்து மகளுக்கு, எனக்கு, மாமிக்கு என்று எல்லாருக்கும் கடி தொடங்கியது.

அந்த மிச்சக் கிறீமால் வந்ததுதான் பெரிய பயம். மகளுக்குப் பேனும் இருந்தது. பேனுக்கும் இதே மருந்துதான் என்று யாரோ சொன்னதை நம்பி, தலை முழுக்கத் தேய்த்துப் படுக்க வைத்துவிட்டேன். நடுச்சாமத்தில் வேர்வையோடு வழிந்து கண்ணுக்குள் போய்விட்டது. பிள்ளை துடித்துவிட்டாள். கிணற்றடியில் வைத்துத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினேன். கண் சிவப்பு வடிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மூன்றாவது பயணம் தோல் கிளினிக்குக்கு. அங்கே ஒரு டாக்டர் அம்மா பத்து நிமிடம் இருந்து விளக்கினார். அதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம். முதன்முதலாகத் தொற்றுகிறவருக்குக் கடி தொடங்க 4 முதல் 6 கிழமை ஆகுமாம். அதனால் கடி இல்லாதவருக்கும் சேர்த்து, வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும். பெரியவருக்கு ஒரு தடவைக்கு 30 கிராம் ரியூப் ஒன்று கிட்டத்தட்ட முழுசாகப் போகும். கழுத்தில் இருந்து உள்ளங்கால் வரைக்கும், விரல் இடுக்கு, நகத்துக்கு அடி, தொப்புள், மறைவிடம் எதையும் விடக்கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் தலையிலும் முகத்திலும் கூட, கண்ணையும் வாயையும் விட்டுவிட்டு. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

சுடுதண்ணியில் குளித்த கையோடு பூசக்கூடாது, தோல் ஆறிக் காய்ந்திருக்க வேண்டும். 8 மணித்தியாலமாவது கிடக்க வேண்டும். மாமி ராவில் எழும்பிக் கை கழுவிவிட்டார். கழுவின கைக்கு அப்போதே திரும்பப் பூசிவிட்டேன். காலையில் உடுப்பு, சீலை, விரிப்பு எல்லாவற்றையும் கொதிதண்ணியில் அலசி வெயிலில் போட்டேன். கழுவ முடியாத தலையணைகளைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி ஒரு கிழமை தனியே வைத்தேன். ஏழாம் நாள் எல்லாருக்கும் இரண்டாவது பூச்சு.

பேனுக்கு அந்த 5 வீதக் கிறீம் இல்லை, பேர்மெத்ரின் 1 வீத லோஷன். கழுவித் துவட்டின தலையில் 10 நிமிடம் வைத்து அலசி, பேன் சீப்பால் ஈரையும் இழுத்தெடுக்க வேண்டும். 9 நாள் கழித்து இன்னொரு தடவை. எங்கள் பக்கம் இன்னும் சிலர் மண்ணெண்ணெய் தேய்க்கிறார்கள். தலைத்தோல் வெந்துபோகும், அடுப்புக்குப் பக்கத்தில் போனால் உயிருக்கே ஆபத்து. செய்யாதீர்கள்.

சிரங்குக்கு இரண்டு பூச்சுப் பூசின பிறகும் கடி நிற்கவில்லை. மருந்து தோற்றுவிட்டது என்று மூன்றாவது தடவைக்கு ரியூப்பைக் கையில் எடுத்துவிட்டேன். பூச்சி செத்த பிறகும் 2 முதல் 4 கிழமை கடி இருக்கும் என்று டாக்டர் சொன்னது நல்லவேளையாக ஞாபகம் வந்தது. புதுக் குரு வருகிறதா என்று மட்டும் தினம் பார்த்தேன். வரவில்லை. கடியும் மெல்ல மெல்ல விட்டது.

முன்பள்ளியில் சொல்ல வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்தேன். கடைசியில் ரீச்சரிடம் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. அந்தக் கிழமையே இரண்டு தாய்மார் என் துண்டைக் கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். துண்டைக் கொடுக்கவில்லை, பிள்ளைகளைக் கிளினிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். பூசுகிற விதத்தை மட்டும் விரல் இடுக்கில் தொடங்கி உள்ளங்கால் வரைக்கும் என் கையிலும் காலிலும் தொட்டுத் தொட்டுக் காட்டினேன்.