ஆபரேஷன் முடிந்தபின் கீமோவா இல்லையா: அம்மாவுக்கு எடுத்த சிடிடிஎன்ஏ டெஸ்ட்

அம்மாவுக்குப் பெருங்குடல் கட்டியை எடுத்தாயிற்று. பயாப்ஸி ரிப்போர்ட்டில் இரண்டாம் நிலை, நெறிகட்டிகளுக்குப் பரவவில்லை என்று வந்தது. ஆனாலும் கீமோ வேண்டாமென்று டாக்டர் உடனே சொல்லவில்லை. இந்த நிலையில் பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷனே போதுமாம். சிலருக்குத்தான் திரும்ப வரும், அவர்கள் யாரென்று முன்கூட்டித் தெரிவதில்லை என்றார். கீமோவில் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தைச் சேர்த்தால் விரல்கள் மரத்துப்போகலாம், சிலருக்கு அது வருஷக்கணக்கில் நிற்கும் என்றும் சொன்னார். அம்மா பிளவுஸ் தைப்பவர். "ஊசியில நூல் கோக்க முடியுமா டாக்டர்?" என்றுதான் கேட்டார்.

அதன் பிறகுதான் சிடிடிஎன்ஏ, அதாவது ரத்தத்தில் கலந்திருக்கும் கட்டியின் டிஎன்ஏவைத் தேடும் டெஸ்ட் பற்றிப் பேச்சு வந்தது. செல்கள் சாகும்போது அவற்றின் டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன. புற்றுநோய்ச் செல்லின் துணுக்கில் அந்தக் கட்டிக்கே உரிய மாற்றங்கள் இருக்கும். ரத்தத்தில் அவை சில மணி நேரத்திலேயே அழிந்துவிடும் என்பதால், கட்டியை எடுத்துப் பல வாரம் கழித்தும் தென்பட்டால் உடம்பில் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். ஆஸ்திரேலியாவில் இரண்டாம் நிலைக் குடல் புற்றுநோயாளிகள் 455 பேரிடம் நடந்த 'டைனமிக்' என்ற ஆய்வு 2022-இல் வெளிவந்தது. இந்த டெஸ்டைப் பார்த்து முடிவெடுத்த பிரிவில் 15 சதவீதம் பேருக்குத்தான் கீமோ கொடுத்தார்கள், வழக்கமான பிரிவில் 28 சதவீதம். இரண்டு வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முறையே 93.5, 92.4 சதவீதம். எனக்குத் தைரியம் கொடுத்தது இந்தக் கணக்குதான்.

ஆபரேஷன் ஆன கையோடு ரத்தம் எடுக்கக்கூடாது. காயம்பட்ட திசுக்களின் டிஎன்ஏ அப்போது ரத்தத்தில் நிறைய இருக்கும், கட்டியுடையது அதில் அமுங்கிப்போகும். நாலு வாரம் போகட்டும் என்றார்கள். கீமோ தேவைப்பட்டால் அதையும் ரொம்பத் தள்ளிப்போட முடியாது. அதனால் இடைப்பட்ட நாட்களில் 'பிளாக்' வாங்கிவிட வேண்டும். மெழுகில் பதித்த கட்டித் துண்டு அது. தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் சட்டம், ஓரத்தில் பயாப்ஸி எண், நடுவே மெழுகுக்குள் பழுப்பாக ஒரு துணுக்கு. அதிலுள்ள டிஎன்ஏவைப் படித்து அம்மாவின் கட்டியில் இருக்கும் மாற்றங்களைக் கண்டுபிடித்த பிறகுதான் ரத்தத்தில் எதைத் தேடுவதென்று லேபுக்குத் தெரியும். பிளாக் தர ஆஸ்பத்திரியில் இழுத்தடித்தார்கள். கடிதம், கையெழுத்து, மறுபடி வேறொரு கையெழுத்து. டிஸ்சார்ஜ் அன்றே பிளாக் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

வீட்டுக்கு ரத்தம் எடுக்க வந்த பையன் குழாயை ஐஸ் பெட்டியில் வைக்கப் போனான். இந்த டெஸ்டுக்கான ஸ்ட்ரெக் என்ற தனி ரகக் குழாயை ஃப்ரிட்ஜில், ஐஸில் வைக்கக்கூடாது, அறை வெப்பத்தில்தான் இருக்க வேண்டும் என்று கிட்டில் இருந்த தாளைக் காட்டி நிறுத்தினேன். எடுத்தவுடன் குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தவும் வேண்டும்.

ரிசல்ட் நெகட்டிவ். அம்மாவுக்கு மற்ற ஆபத்துக் கூறுகளும் இல்லாததால் கீமோ வேண்டாமென்று முடிவானது. நெகட்டிவ் வந்தவர்களிலும் சிலருக்கு நோய் திரும்பியிருக்கிறது, டெஸ்டுக்கு எட்டாத அளவில் மிச்சம் இருக்கலாம் என்பதை டாக்டர் அழுத்திச் சொன்னார். ஆகவே மூன்று மாதத்துக்கொரு தடவை சிஇஏ என்ற ரத்தப் பரிசோதனை, குறித்த நாளில் சிடி ஸ்கேன், ஒரு வருஷத்தில் கொலனோஸ்கோப்பி என்று எல்லாம் அப்படியே தொடர்கின்றன. செலவு பெரியது, இன்ஷூரன்ஸில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ரத்தம் கொடுக்கும் முன்பே டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வீர்கள், நெகட்டிவ் வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை.