கை நசுங்கியதும் வந்த நிம்மதி

செல்லோ என்பது வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய வாத்தியம். அதில் மேதையான பாப்லோ காசல்ஸ் தன் நினைவுகளில் சொன்ன ஒரு சம்பவம் இது. 1901, அவருக்கு 24 வயது. அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தவர், சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் டமால்பைஸ் என்ற மலையில் நண்பர்களோடு ஏறப் போனார். எங்கிருந்தோ ஒரு பாறை உருண்டு வந்து அவருடைய இடது கையை நசுக்கிவிட்டது. செல்லோ வாசிப்பவருக்கு இடது கை போனால் பிழைப்பே போச்சு. ஆனால் நசுங்கிய விரல்களைப் பார்த்ததும் அவர் மனதில் முதலில் ஓடியது, நல்லவேளை, இனி செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்பதுதான். கடவுளுக்கு நன்றி வேறு.

சில மாதங்களில் கை சரியாகிவிட்டது. 94 வயதில் ஐக்கிய நாடுகள் சபையில்கூட வாசித்தார். மேடை பயம் மட்டும் கடைசி வரை கூடவே இருந்தது.

இதைப் பெரும்பாலும் வேடிக்கையான துணுக்காகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. தனக்கு மிகப் பிடித்த ஒன்றைச் செய்து உலகப்புகழ் பெறப் போகிற ஒரு மனிதன், கை போய்விட்டது என்று நினைத்த நொடியில் நிம்மதி அடைகிறான் என்றால், அதற்கு முந்தைய ஒவ்வொரு கச்சேரியும் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? அதை அன்றைக்கு யாரிடமாவது சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்க வாய்ப்பில்லை என்பதுதான் என் எண்ணம்.

நான் மேடையில் வாசிப்பவன் இல்லை, கேட்பவன். ஆனால் ஆர்கெஸ்ட்ராவில், அதாவது மேற்கத்திய இசையின் பெரிய வாத்தியக் குழுவில், வாசிக்கும் ஓரிருவரோடு பழக்கம் உண்டு. அவர்கள் பேசும்போது கவனித்திருக்கிறேன், முதுகுவலி, தோள்வலி, காதில் ரீங்காரம் எல்லாவற்றையும் சொல்வார்கள், பயத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள்.

பேச்சாளருக்கும் நடிகருக்கும்கூட மேடை பயம் வரும், சரி. ஆனால் வாத்தியம் வாசிப்பவருக்கு அது தாக்கும் இடமே வேறு. பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் ஏறும், இதயம் அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், வாய் வறண்டு போகும். பேச்சாளரின் விரல் லேசாக நடுங்கினால் கேட்பவருக்குத் தெரியாது. வயலினில் மிக மெதுவாக, மிக மெலிதாக ஒரு நீண்ட ஸ்வரத்தை இழுக்கும்போது வில்லைப் பிடித்த கை நடுங்கினால் அந்த நடுக்கம் அப்படியே சத்தமாகி அரங்கத்தின் கடைசி வரிசை வரை போகும். ஓபோ, ஹார்ன் போன்ற ஊதும் வாத்தியங்களை வாசிப்பவர்களுக்கு உதடும் மூச்சும்தான் வாத்தியம். வாய் வறண்டால் அவ்வளவுதான். அதாவது பயத்தின் அறிகுறியும் வாசிப்பின் பிழையும் ஒன்றாகிவிடுகின்றன, அப்புறம் அடுத்த முறை பிழையை நினைத்தே பயம் வருகிறது. இது ஒரு சுழல். உள்ளே மாட்டியவருக்கு எது முதலில் வந்தது என்றே தெரியாது.

இதற்குப் பலர் கண்டுபிடித்திருக்கும் வழி மாத்திரை. ப்ராப்ரனலால் என்று ஒரு மருந்து, பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்தது. 1960களில் ஜேம்ஸ் பிளாக் என்பவர் இதய நோயாளிகளுக்காக உருவாக்கியது, இந்த வகையான வேலைக்காக 1988-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அது படபடப்பையும் நடுக்கத்தையும் அடக்கிவிடும். கச்சேரிக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று போட்டுக்கொண்டால் வில் ஆடாது. 1980களில், அமெரிக்க சிம்பனி, ஓபரா இசைக்கலைஞர்களின் அமைப்பு 48 ஆர்கெஸ்ட்ராக்களில் எடுத்த கணக்கெடுப்பில் 2,212 பேர் பதில் சொன்னார்கள். 27 சதவீதம் பேர் பீட்டா பிளாக்கர் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள், அதில் பெரும்பகுதி மருத்துவர் சீட்டு இல்லாமல். 24 சதவீதம் பேர் மேடை பயத்தை ஒரு பிரச்சினையாகக் குறிப்பிட்டார்கள். வாசிப்பைப் பாதிக்கும் அளவுக்கு ஏதாவது ஒரு உடல், மனப் பிரச்சினையாவது இருப்பதாகச் சொன்னவர்கள் 76 சதவீதம்.

மாத்திரை போடுவது ஏமாற்று என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. அது யாருக்கும் இல்லாத திறமையைக் கொடுப்பதில்லை, இருக்கிற திறமைக்குக் குறுக்கே நிற்கும் நடுக்கத்தை விலக்குகிறது, அவ்வளவே. எனக்கு உறுத்துவது, அது சக கலைஞரின் பையிலிருந்து கைமாறுகிறது என்பது. ஆஸ்துமா உள்ளவருக்கு இந்த மருந்து ஆபத்து. அதைச் சொல்ல அங்கே மருத்துவர் இல்லை. அப்புறம், அது கையை அமைதிப்படுத்தும், ஆனால் மூன்று மாதமாகத் தூங்காதவரையோ, காலையில் எழுந்து வாத்தியப் பெட்டியைத் திறக்கவே முடியாதவரையோ அது ஒன்றும் செய்யாது. கை நடுக்கம் நின்றுவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று மற்றவர்களும் நம்பலாம், அவரே நம்பலாம்.

ஏன் சொல்வதில்லை என்று கேட்டால், கலைஞர்கள் உணர்ச்சிவசப்படுபவர்கள், கூச்ச சுபாவம் என்றெல்லாம் பதில் வரும். நான் நம்பவில்லை. வேலை எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். பல ஆர்கெஸ்ட்ராக்களில் ஆடிஷனின் முதல் சுற்று திரைக்குப் பின்னால் நடக்கும், சில நிமிட வாசிப்பு, அதை வைத்து முடிவு. ஒரே ஒரு இடத்துக்கு எத்தனையோ பேர். கிடைத்துவிட்டாலும் முடியவில்லை, ஜெர்மன் ஆர்கெஸ்ட்ராக்களில் சோதனைக் காலம் உண்டு, அதன் முடிவில் இவரை வைத்துக்கொள்ளலாமா என்று சக வாத்தியக்காரர்கள் ஓட்டுப் போடுவார்கள். யோசித்துப் பாருங்கள், பக்கத்து நாற்காலிக்காரரிடம் "நான் தனியாக வாசிக்கும் ஸோலோ வரும் இடம் நெருங்கினால் மூச்சு முட்டுகிறது" என்று சொல்ல முடியுமா? ஓட்டு அவர் கையில் இருக்கிறது.

நிரந்தர வேலை இல்லாதவர்கள் நிலைமை இன்னும் மோசம். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கூப்பிட ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கும், அந்தப் பட்டியலில் இருப்பதுதான் அவர்கள் பிழைப்பு. "இந்த வாரம் முடியாது" என்று இரண்டு முறை சொன்னால் மூன்றாவது முறை போன் வராது. காரணம் மன அழுத்தம் என்று தெரிந்தால் நான்காவது, ஐந்தாவது முறையும் வராது. யாரும் நேரடியாக எதுவும் சொல்ல மாட்டார்கள், போன் மட்டும் அடிக்காது.

இதெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு. அதற்கு முன்னாலேயே பழக்கம் வந்துவிடுகிறது. ஐந்து ஆறு வயதில் வாத்தியத்தைக் கையில் எடுத்த குழந்தை, பதினைந்து வயதில் "நான் வயலின் வாசிக்கிறேன்" என்று சொல்லாது, "நான் வயலினிஸ்ட்" என்றுதான் சொல்லும். அந்த வயதில் சரியாக வாசிக்காத நாள் என்றால் தானே சரியில்லாத நாள். கதவை மூடிய அறையில் ஒரே ஒரு ஆசிரியர், பத்து வருடம், அவர் முகம் சுளித்தால் உலகமே சுளித்த மாதிரி. நல்ல ஆசிரியர் கிடைத்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள், கிடைக்காதவர்கள் அந்தச் சுளிப்பை வாழ்நாள் முழுக்கத் தலைக்குள் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். போதாததற்கு, இந்தக் கலையில் சிரமத்தை மறைப்பதே தேர்ச்சி. கஷ்டமான இடத்தைச் சுலபமாகத் தெரியும்படி வாசிக்க வேண்டும் என்றுதான் சிறு வயதிலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை நன்றாகக் கற்றுக்கொண்டவர் வாத்தியத்தோடு நிறுத்திக்கொள்வாரா என்ன.

பீத்தோவன் 1802-இல் ஹைலிகன்ஸ்டாட் என்ற ஊரில் உட்கார்ந்து தன் தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். மனிதர்களை வெறுப்பவன் என்று என்னை நினைக்கிறீர்கள், ஆனால் உண்மைக் காரணம் உங்களுக்குத் தெரியாது, எனக்குக் காது கேட்காமல் போய்க்கொண்டிருக்கிறது, அதை எப்படி வெளியே சொல்வேன் என்கிற ரீதியில் போகும் கடிதம். உயிரை விட்டுவிடலாமா என்று நினைத்ததும், கலை தடுத்ததும் அதில் இருக்கிறது. அனுப்பவில்லை. கால் நூற்றாண்டு தன்னிடமே வைத்திருந்தார், 1827-இல் அவர் இறந்த பிறகு காகிதங்களுக்கு நடுவில் கிடைத்தது.

ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மானினாஃப் கதை இசை வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1897-இல் முதல் சிம்பனி அரங்கேற்றத்திலேயே படுதோல்வி, விமர்சகர்கள் கிழித்தார்கள், சுமார் மூன்று வருடம் பெரிதாக எதையும் எழுத முடியவில்லை. 1900-இல் நிகோலாய் டால் என்ற மருத்துவரிடம் போய்க் குணமாகி, இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) எழுதி, அதை டாலுக்கே சமர்ப்பணம் செய்தார். பியானோ கலைஞர் ஹோரோவிட்ஸ் 1953-இல் மேடையை விட்டு இறங்கினார், 1965-இல்தான் திரும்பினார். டிக்கெட்டுக்கு இரவெல்லாம் வரிசையில் நின்றார்கள்.

இந்தக் கதைகளை நாம் விரும்பிச் சொல்கிறோம், ஏனென்றால் முடிவு நமக்குத் தெரியும். ஒன்று ஆள் இறந்து மேதையாகிவிட்டார், இல்லையென்றால் மீண்டு வந்து கைதட்டு வாங்கிவிட்டார். எனக்கு ராக்மானினாஃபின் 1898 மேல்தான் கவனம். அந்த வருடத்தில் அவர் யார்? எழுத முடியாமல் போன ஒரு 25 வயது இளைஞர். டாலிடம் போகப்போவதும் தெரியாது, கான்செர்ட்டோவும் தெரியாது. அந்த வருடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் இன்றும் ஆர்கெஸ்ட்ராக்களின் பின்வரிசையில் இருக்கிறார்கள், அவர்களில் முக்கால்வாசிப் பேர் கான்செர்ட்டோ எதுவும் எழுதப் போவதில்லை. துன்பப்பட்டால்தான் கலை பிறக்கும் என்று பேசுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ராக்மானினாஃப் துன்பப்பட்ட வருடங்களில் பெரிதாக எதுவும் பிறக்கவில்லை, சிகிச்சைக்குப் பிறகுதான் பிறந்தது.

பாதியில் இருக்கும்போதே பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பியானோ கலைஞர் லியான் ஃப்ளைஷருக்கு 1960களின் நடுவில், முப்பத்தைந்தை ஒட்டிய வயதில், வலது கை விரல்கள் தானாகவே உள்ளே மடங்கத் தொடங்கின. ஃபோக்கல் டிஸ்டோனியா என்று பின்னாளில் பெயர் தெரிந்தது, மூளை விரல்களை இயக்கும் விதத்தில் வரும் கோளாறு. பல வருடம் கடும் மனச்சோர்வில் கிடந்தார். கேரி கிராஃப்மன் என்ற இன்னொரு பியானோ கலைஞருக்கும் வலது கையில் பிரச்சினை. 1981-இல் இருவருடைய நிலைமையும் பத்திரிகையில் வெளிவந்தது. அப்போது இருவருமே குணமாகியிருக்கவில்லை. அதன் பிறகு அமெரிக்காவில் மருத்துவர்களைத் தேடி வாத்தியக்காரர்கள் வரிசையாக வரத் தொடங்கினார்கள், கலைஞர்களுக்கென்று தனி மருத்துவப் பிரிவே வளர்ந்தது. நான் சொன்ன அந்தக் கணக்கெடுப்பும் அதே பத்தாண்டில்தான். பிரிட்டனில் நிகழ்த்துகலை மருத்துவத்துக்கென ஒரு சங்கம் 1984-இல் ஆரம்பமானது. ஃப்ளைஷர் இரண்டு கையாலும் வாசிக்கத் திரும்ப 1990கள் ஆயின, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியின் உதவியோடு.

கைக்கு நடந்தது மனதுக்கு அந்த அளவுக்கு நடக்கவில்லை. அதற்கு ஒரு காரணம், மனம் என்ற பேச்சை வைத்துக் கலைஞர்களை அடித்திருக்கிறார்கள். செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரேவுக்கு விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தபோது, எல்லாம் மனசு சம்பந்தப்பட்டது என்று சொல்லப்பட்டது. 1973-இல்தான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய் என்று தெரிந்தது, 28 வயதில். இதைக் கேள்விப்பட்ட எந்த வாத்தியக்காரரும் மருத்துவரிடம் போனால் கையைப் பற்றித்தான் பேசுவார், மனதைப் பற்றி வாய் திறக்க இரண்டு முறை யோசிப்பார்.

இப்போது இசைக் கல்லூரிகளிலும் ஆர்கெஸ்ட்ராக்களிலும் மனநல ஆலோசகர்களை வைக்கிறார்கள், நல்ல விஷயம். ஒரு சின்ன வேண்டுகோள் மட்டும். அந்த ஆலோசகர் நிர்வாகத்துக்கு அறிக்கை கொடுக்காத வெளியாளாக இருக்கட்டும், உட்காரும் இடமும் ஒத்திகை அரங்கின் எதிர்க் கதவாக இல்லாமல் வேறு தெருவில் இருக்கட்டும். ஓட்டுப் போடப்போகிறவர்கள் காபிக்குப் போகும் வழியில் அந்த அறை இருந்தால், அதற்குள் யாரும் போகப் போவதில்லை.