.30-06இலிருந்து .35 வீலன்: கூடு விரிக்கும் நாட்குறிப்பு

மார்ச் 4

.35 வீலன் என்ற ரைஃபிள் தோட்டாவுக்கான வெற்றுப் பித்தளைக் கூடுகள் தேடும்போது கிடைப்பதில்லை, .30-06 தோட்டாவின் கூடுகளோ கைவசம் நிறைய. அவற்றின் கழுத்தை விரித்து வீலன் கூடுகளாக்கப் போகிறேன். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். 1906இல் வந்த .30-06 கூட்டின் கழுத்தை அகலமாக்கி 1922இல் பிறந்தது வீலன். அடிப்பாகம், உடம்பு, 17.5 பாகைத் தோள்சரிவு எல்லாம் அதேதான். குண்டின் விட்டம் மட்டும் 7.82 மி.மீ.இலிருந்து 9.09 மி.மீ. ஆகிறது. ஒன்றே கால் மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அது 16 சதவீத விரிவு; பலமுறை சுட்ட பித்தளை அதற்கு லேசில் சம்மதிக்காது.

இன்று கழுவிக் காயவைத்து, ஒரே தயாரிப்பாளரின் கூடுகளைத் தனியே பிரித்தேன். கலந்து வைத்தால் சுவர்த் தடிமன் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி இருக்கும்.

மார்ச் 6

அனீலிங் நாள், அதாவது சூடு காட்டிப் பித்தளையை இளக்கும் நாள். தோட்டாப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். ஒவ்வொரு முறை சுடும்போதும், டையில் (கூட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சில்) அழுத்தும்போதும் அது கெட்டியாகிக்கொண்டே போகும். உள்ளே தேங்கும் இந்த இறுக்கம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாவும் பித்தளைக்குள் இருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல்தான் விளக்கினார்கள். இறுக்கத்தைப் போக்கச் சூடு காட்டுவதுதான் அதற்கும் மருந்து.

கூட்டைச் சுழற்றியபடி கழுத்திலும் தோளிலும் மட்டும் தீயைக் காட்டினேன். அடிப்பாகம் கெட்டியாகவே இருக்க வேண்டும், அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். அது இளகிப்போன கூடு துப்பாக்கிக்குள் போகவே கூடாது. அதனால் உடம்பில் வெப்பம்காட்டும் பூச்சு ஒரு கோடு. அது நிறம் மாறினால் கூடு குப்பைக்கு. சூடு பட்டதும் தண்ணீரில் போடுவதைப் பார்த்து, கெட்டியாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது எஃகின் குணம், பித்தளைக்குக் கிடையாது. தண்ணீர் சூடு கீழே இறங்காமல் தடுக்கிறது, அவ்வளவே.

மார்ச் 9

விரிப்பு. கழுத்தை உள்ளிருந்து அகலமாக்கும் சரிவான எக்ஸ்பாண்டரை நேராக .35க்கு அனுப்பலாம் என்பார்கள். எனக்கு நடுவில், இடைப்பட்ட .338 அளவில் ஒரு நிறுத்தம் பிடிக்கும். கழுத்தின் உட்பக்கம் மசகு தாராளமாக வேண்டும். வறண்டு போனால் எக்ஸ்பாண்டர் பிடித்துக்கொள்ளும், பிரஸ் கைப்பிடியை அழுத்த அழுத்தத் தோள் நசுங்கும். கை கனக்கிறது என்றால் நிறுத்திவிட்டு மறுபடி தடவுவதே நல்லது.

மார்ச் 10

சிலவற்றின் வாயில் மயிரிழை விரிசல். எறிந்தாயிற்று.

மார்ச் 13

கழுத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். என் கணக்கில் கவனம் முழுக்கத் தோளில்தான் இருக்க வேண்டும். தோளின் வெளிவிட்டம் 11.2 மி.மீ., புதிய கழுத்தோ 9.8ஐ நெருங்குகிறது. சுற்றிலும் மிஞ்சுவது முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு படி. சேம்பருக்குள் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள்) கூடு எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தப் படிதான். டையை ஆழமாகத் திருகித் தோளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால், ஊசி அடிக்கும்போது கூடு முன்னே நகரும். பிறகு அழுத்தத்தில் அடிப்பாகம் பின்னால் போய் ஒட்ட, இடையில் உள்ள சுவர் இழுபட்டு மெலியும். திரும்பத் திரும்ப நடந்தால் கூடு அங்கேயே இரண்டாகும்.

அதனால் டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு முறையும் வெற்றுக் கூட்டை அந்த ரைஃபிளிலேயே போட்டுப் பார்த்தேன். சேம்பரை அடைக்கும் போல்ட்டை மூடும்போது விரலுக்கு லேசான எதிர்ப்பு தெரிகிற இடத்தில் டையைப் பூட்டினேன். பொறுமையைச் சோதிக்கிற வேலை, குறுக்குவழி இல்லை.

மார்ச் 15

விரிந்ததில் கூடுகள் சற்றுக் குட்டையாகியிருக்கின்றன, வாயும் கோணல். எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு டிரிம் செய்தேன். பழைய தோளின் தடித்த உலோகம் இப்போது கழுத்தின் அடியில் வந்திருப்பதால், உள்ளே ஒரு வளையம் போல மேடு தட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். குண்டு அந்த ஆழம் வரை இறங்கும் என்றால் மேட்டை ரீமரால் சுரண்டி எடுத்துவிடுவது உத்தமம்.

அப்புறம், அடியில் முத்திரை இன்னும் .30-06 என்றே சொல்கிறது. வீலன் தோட்டா .30-06 சேம்பருக்குள் நுழையாது. மறுபக்கம்தான் வில்லங்கம்: .30-06 தோட்டா வீலன் சேம்பருக்குள் தாராளமாகப் போகும். எனவே விரித்த கூடுகளுக்கு அடியில் சிவப்புப் பூச்சு, தனிப் பெட்டி, மூடியிலும் பக்கத்திலும் பெரிய எழுத்தில் பெயர்.