ஏறும்போது நெஞ்சு, இறங்கும்போது முட்டி

விடியற்காலையில் சேலம் அண்ணா பூங்கா பக்கம் நடக்கும் பெண்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் நிறைய. பேச்சு மருமகளில் தொடங்கி நேற்றைய தட்டுவடை செட்டு வரை ஓடும். காலும் அந்தப் பேச்சின் வேகத்துக்குத்தான் போகும். இப்படி ஒரு மணி நேரம் நடந்தால் மனசுக்கு நல்லது, சர்க்கரைக்கும் ஓரளவு நல்லது. எலும்புக்குத்தான் பெரிதாக ஒன்றும் போய்ச் சேராது.

எலும்பைக் கரைக்கும் செல்களை மாதவிடாய் நிற்கும்வரை அடக்கி வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். மாதவிடாய் நின்றதும் அது குறைந்துவிடுவதால் முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாகக் கரையும். தொடைத் தசையும் கூடவே இளைக்கும். இதைத் தடுக்க, பழகிய சுமையைவிடக் கொஞ்சம் கூடுதலான சுமை காலில் விழவேண்டும். அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்கிற அதே நடையைப் பூங்காவிலும் நடந்தால் எலும்புக்கு அது புதுச் சேதி இல்லை.

முதலில் வேகத்தைப் பாருங்கள். பத்து வினாடியில் 17 காலடி விழுந்தால் நிமிடத்துக்குச் சுமார் 100. இதுதான் மிதமான வேகம். பேச முடியும், பாட முடியாது. வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம். புதிதாகத் தொடங்குபவர்கள் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். இதோடு வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது, பத்துப் பத்தாக மூன்று தடவை. இதை விட்டுவிட்டு வெறும் நடையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அடுத்தது ஏற்றம். ஏற்காட்டுச் சாலைகளில் ஏற்றத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள மலைப்பாதையில் நடக்காதீர்கள், வளைவில் பஸ் திரும்பும்போது ஒதுங்க இடம் இருக்காது. மேலே போய் ஏரியைச் சுற்றியுள்ள சாலைகளில் நடக்கலாம். கீழே இருப்பவர்களுக்குக் குமரகிரி முருகன் கோயில் படிகள் உண்டு, இல்லையென்றால் வீட்டு மாடிப்படி. ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து உடம்பு சூடானபின் ஒரு நிமிடம் ஏற்றம், இரண்டு நிமிடம் சமதளம். இப்படி ஐந்து தடவை.

முட்டி கெடுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். இறங்கும்போது உடம்பின் பாரத்தைத் தொடைத் தசை பிரேக் மாதிரி பிடித்துக்கொண்டே போகவேண்டும். அது பலமில்லாவிட்டால் முட்டிச் சில்லு அழுந்தும், அன்று தெரியாது, மறுநாள் படியில் தெரியும். அடியைச் சின்னதாக வையுங்கள், முட்டியை லேசாக மடக்கியே வையுங்கள், கைப்பிடி இருந்தால் பிடியுங்கள். வலி உள்ளவர்கள் நடந்து ஏறி, வண்டியில் இறங்கலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஷூ வாங்க சாயங்காலம் போங்கள், அப்போதுதான் பாதம் வீங்கியிருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கடையில் யாரும் சொல்லாத ஒன்று மெட்டி. கெட்டியான வெள்ளி மெட்டி ஷூவுக்குள் பக்கத்து விரலை அறுத்துக் கொப்புளம் போடும், சர்க்கரை இருந்தால் அது புண்ணாகும். சன்னமான வளைய மெட்டிக்கு மாறுங்கள், அல்லது நடக்கும் நேரத்துக்குக் கழற்றி வையுங்கள்.

காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் குத்தினால் உள்ளங்கால் சவ்வு இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம். சுவரில் கை ஊன்றி, பின்கால் குதிகால் தரையில் பட, ஆடுசதையை 30 வினாடி மூன்று தடவை இழுத்து விடுங்கள். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள்.

பலர் வெளியே சொல்லாதது யூரின் கசிவு. அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் யூரின் அடர்ந்து, சிறுநீர்ப்பையை உறுத்தி, அவசரம் இன்னும் கூடும். யூரினை அடக்குவது போல இடுப்பின் அடித்தசையை ஐந்து வினாடி இறுக்கி விடுங்கள், பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. மூச்சைப் பிடிக்கக்கூடாது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். இருமல் வருகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்வது உடனடிக் கைவைத்தியம்.

ஏற்றத்தில் நெஞ்சு அழுத்தினாலோ, தாடை, கை வலித்தாலோ அங்கேயே உட்காருங்கள், ‘கேஸ்’ என்று தள்ளிப்போட்டு நடையைத் தொடரவேண்டாம். ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் 108. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆனபின் துளி ரத்தம் பட்டாலும், “நடந்த சூடு” என்று விடாமல், அந்த வாரமே மகளிர் நோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.