அணைத்துவைத்த போனை எடுத்தது யார்?

“உன் எண்ணுக்குக் கூப்பிட்டால் யாரோ எடுத்து, ராங் நம்பர் என்று வைத்துவிடுகிறார்” என்று தங்கை சொன்னபோது நான் நம்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிடச் சொன்னேன். ஒழுங்காக மணி அடித்தது. நீதான் எண்ணைத் தவறாக அழுத்தியிருப்பாய் என்று பழியை அவள்மேலேயே போட்டேன். அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள்.

சேவை மையத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் போனைக் கையில்கூட வாங்கவில்லை. “ஃபேக்டரி ரீசெட் செய்து பாருங்கள்” என்றார். செய்தேன். அரை நாள் போனது. பேக்கப் எடுக்க மறந்த குறிப்புகளும் போயின. கோளாறு மட்டும் போகவில்லை. போகாது என்பது இப்போது தெரிகிறது. கோளாறுக்குக் காரணம் கால் ஃபார்வர்டிங், அதாவது நமக்கு வரும் அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதி. அந்தக் கட்டளை போனில் பதிவாவதில்லை. நெட்வொர்க்கில், நம் எண்ணின் கணக்கில் பதிவாகிறது. போனைத் துடைத்தாலும் மாற்றினாலும் அது அங்கேயே இருக்கும். ரீசெட் செய்யும் முன் போனை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து உங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். நான் அதைக் கடைசியில்தான் செய்தேன். அணைந்து கிடக்கும் என் போனுக்கு வந்த அழைப்பை முன்பின் தெரியாத ஒருவர் எடுத்து “ஹலோ” என்றார்!

அதற்கு முன்பே *#21# அழுத்திப் பார்த்திருந்தேன். “ஃபார்வர்ட் செய்யப்படவில்லை” என்று வந்ததும் நிம்மதியாகிவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன். அந்தக் குறியீடு, எல்லா அழைப்புகளையும் நிபந்தனையின்றித் திருப்பும் வகையை மட்டுமே காட்டும். எடுக்காதபோது திருப்புவதற்கு *#61#, சிக்னல் இல்லாதபோதோ போன் அணைந்திருக்கும்போதோ திருப்புவதற்கு *#62#, பேசிக்கொண்டிருக்கும்போது திருப்புவதற்கு *#67# என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் குறியீடு எந்த சிம்மிலிருந்து போகிறது என்பதையும் கவனியுங்கள். நான் ஒருமுறை மற்ற சிம்மைச் சோதித்துவிட்டு மகிழ்ந்தேன்.

*#62# அழுத்தியதும் குட்டு உடைந்தது. திரையில் வந்தது என்னுடைய பழைய இரண்டாவது எண். முன்பு போனைப் பழுதுபார்க்கக் கொடுத்தபோது, அழைப்புகள் தவறக் கூடாதே என்று நானே அதற்குத் திருப்பிவிட்டிருக்கிறேன். பிறகு அந்த எண்ணை விட்டுவிட்டேன். அது இப்போது வேறொருவர் கையில். சிக்னல் போகும்போதெல்லாம் என் அழைப்புகள் அவருக்குப் போயிருக்கின்றன. பாவம், எத்தனை ராங் நம்பர்களைச் சகித்தாரோ!

அவசரத்தில் ##002# அழுத்தினேன். எல்லா ஃபார்வர்டிங்கும் அழிந்தது. கூடவே, எடுக்காத அழைப்பில் செய்தி பதிவுசெய்யும் பெட்டியான வாய்ஸ்மெயிலும் நின்றுபோனது. எடுக்காத அழைப்பை வாய்ஸ்மெயில் எண்ணுக்கு அனுப்புவதும் ஒரு ஃபார்வர்டிங்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. உதவி எண்ணில் பேசிய பெண்மணி “வாய்ஸ்மெயில் செயல்பாட்டில் இருக்கிறது” என்று மூன்று முறை சொன்னார். அவர் சொன்னதும் உண்மைதான். பெட்டி இருக்கிறது, அதற்குத்தான் அழைப்பு எதுவும் போவதில்லை. இதை அவருக்குப் புரியவைக்க இருபது நிமிடம் ஆனது. எனக்கு ##62# மட்டும் போதுமாயிருந்திருக்கும். அழிக்கும் முன் *#61#, *#67# காட்டும் எண்ணைக் குறித்துவைத்திருந்தால் இந்தப் பேச்சே தேவைப்பட்டிருக்காது. சில நிறுவனங்களில் செய்தியைக் கேட்க அழைக்கும் எண் வேறு, அழைப்பைத் திருப்ப வேண்டிய எண் வேறு. அதனால் போனின் வாய்ஸ்மெயில் அமைப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிடாதீர்கள்.

திருப்ப வேண்டிய எண் கிடைத்ததும் **004*, நாட்டுக் குறியீட்டுடன் அந்த எண், முடிவில் # என்று அழுத்தினேன். நிபந்தனையுள்ள மூன்று வகைகளும் ஒரே அடியில் பதிவாயின. முதல் முயற்சியில் குறியீடு தவறு என்று பிழை வந்தது. வைஃபை காலிங்கை அணைத்ததும் ஏற்றுக்கொண்டது. பிறகு இன்னொரு தொல்லை: பையிலிருந்து போனை எடுப்பதற்குள் அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குப் போய்விட்டது. இதற்கு **61*, அதே எண், *11*30# என்று அழுத்த வேண்டும். கடைசியில் உள்ள 30 என்பது மணி அடிக்கும் விநாடிகள். 5 முதல் 30 வரை, ஐந்தைந்தாகத்தான் வைக்க முடியும். இந்தக் குறியீடுகளை ஏற்காத நிறுவனங்களும் உண்டு. அங்கே அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். யாராவது போனில் பேசி, **21* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னால் வைத்துவிடுங்கள். அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம், ஓடிபி சொல்லும் அழைப்பு உட்பட, அவர்களுக்குப் போகும்.

எல்லாம் சரியான பிறகும், புதிய செய்தி இருப்பதாகக் காட்டும் சின்னம் திரையின் மேலே ஒட்டிக்கொண்டே இருந்தது. திறந்தால் பெட்டி காலி. புதிதாக ஒரு செய்தி வந்து, அதைக் கேட்டு அழித்தால் போய்விடும் என்றார்கள். போனை அணைத்துவிட்டுத் தங்கையை அழைக்கச் சொன்னேன். நாற்பது விநாடி பேசியிருந்தாள், முழுக்க ‘எண்ணைத் தவறாக அழுத்தும் என் பழக்கம்’ பற்றியே. முழுவதும் கேட்டுவிட்டுத்தான் அழித்தேன். சின்னமும் மறைந்தது.