தாய்ப்பால் தானம்: 18 பையில் 11தான் தேறியது

பால் சுரப்பதிலோ பீய்ச்சுவதிலோ சிக்கலே இல்லை. காகிதமும் ஐஸும்தான் காலை வாரின.

தாய்ப்பால் வங்கிக்குப் போன முதல் நடை ஒரே ஒரு தாளால் வீண். கர்ப்பகால அட்டையில் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான சோதனை) மூன்றுக்கும் 'நெகட்டிவ்' என்று கையால் எழுதியிருந்தது. "லேப் ரிப்போர்ட் வேணும்மா, இது செல்லாது" என்றார் கவுண்டரில் இருந்தவர், நிமிர்ந்தும் பார்க்காமல். முந்தின நாள் போனில் "ஃபைலை எடுத்துட்டு வாங்க, போதும்" என்றதும் அதே இடம்தான். அச்சிட்ட ரிப்போர்ட் வேண்டுமா, எத்தனை மாதத்துக்குள் எடுத்திருக்க வேண்டும், வீட்டில் உறைய வைத்த பாலை வாங்குவார்களா என்று போனிலேயே கறாராகக் கேட்டுவிடுங்கள். கடைசிக் கேள்வியை விடவே விடாதீர்கள். அங்கேயே வந்து பீய்ச்சித் தந்தால்தான் வாங்கும் வங்கிகளும் உண்டு.

இரண்டாவது முறை ரிப்போர்ட் சரி. தெர்மாகோல் பெட்டி நிறையக் கடை ஐஸைப் போட்டுக் கொண்டுபோனதுதான் தப்பு. உருகும் ஐஸ் 0 டிகிரி. பிரீசரில் இருந்த பால் மைனஸ் 18. ஆக, குளிர வைக்கப் போட்ட ஐஸே பாலைச் சூடாக்கியது! ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஏழு பைகள் இளகிவிட்டன. இளகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அந்த ஏழும் வீட்டுப் பிள்ளையின் வயிற்றுக்கே போயின.

அடுத்த மாதம் ஜெல் பேக்குகளை இரவு முழுக்க பிரீசரில் வைத்து, தட்டையாக உறைந்த பைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கி, மிச்ச இடத்தில் செய்தித்தாளைத் திணித்து, மூடியை டேப் போட்டு ஒட்டினேன். ஒன்றுகூட இளகவில்லை.

பையில் முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும். உறையும்போது பால் உப்பும். தேதியையும் நேரத்தையும் நிரப்பும் முன்பே மார்க்கரால் எழுதிவிடுங்கள், பால்பாயிண்ட் எழுத்து ஈரத்தில் அழிந்துவிடும். வெதுவெதுப்பான புதுப்பாலை உறைந்த பாலின் மேல் ஊற்றாதீர்கள். உருக்கிய பாலில் சோப்பு வாடை வந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, லைப்பேஸ் என்ற நொதியின் வேலை அது.

"வாட்ஸ்அப்பில் தன் குழந்தைக்குப் பால் கேட்ட பொண்ணுக்கே நேராக் கொடுத்திருக்கலாமே?" என்று வீட்டில் கேட்டார்கள். அந்தக் குழந்தை குறைமாதம். வங்கியில் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, கிருமிப் பரிசோதனை செய்து, மைனஸ் 20-இல் சேமிக்கிறார்கள். வீட்டு அடுப்பில் கொதிக்க வைத்தால் நோய் எதிர்ப்புப் பொருள்கள்தான் அதிகம் அழியும். நேராக வாங்கினால், தருபவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும் தெரியாது. யாராவது விலை பேசினால் நகர்ந்துவிடுங்கள். தாய்ப்பால் விற்பனைக்கு அனுமதியே கிடையாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதமே சொல்லிவிட்டது.

கிளம்பும்போது பெட்டியையும் ஜெல் பேக்கையும் கேட்டு வாங்குங்கள். ஒரு தடவை பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.